பேராமையின் சர்க்கரை

பரஞ்சோதி ஆஸ்பத்திரி லேபில் இருபத்தாறு வருடம் ரத்தம் எடுத்தவர். கண்ணை மூடிக்கொண்டு நரம்பைப் பிடிப்பார் என்று பெயர். படகில் கிடந்த பேராமை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஓய்வு பெற்றதும் கடலாமைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யக் கற்க வந்திருந்தார். குரு டாக்டர் ஜெசிந்தா, அவரைவிட இருபது வயது இளையவர்.

வலையிலிருந்து ஏற்றியதுமுதல் ஆமை துடுப்புக் காலால் படகுப் பலகையை அறைந்துகொண்டே இருந்தது. கழுத்தில் மூன்று முறை குத்தியும் கிடைக்கவில்லை. ஜெசிந்தா கைகொடுக்க வந்தபோதெல்லாம், "நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்று தடுத்துவிட்டார். வீம்புதான். நான்காவது குத்தில் ரத்தம் வந்தது.

கருவி காட்டிய எண்களைப் பரஞ்சோதி இரண்டு முறை படித்தார். சர்க்கரையும் அமிலமும் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு.

"இது சீக்கு ஆமை டாக்டர். கரையில லாரி நிக்குது. சிகிச்சைத் தொட்டிக்கு அனுப்பிருவோம்."

"வயித்துல முட்டை இருக்கு. தொட்டியில எங்க போய் இடும்?"

"கடல்ல விட்டா செத்துரும்! நம்பர் பொய் சொல்லுமா?"

ஜெசிந்தா பரஞ்சோதியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் முழுக்க விடவில்லை.

"நூத்தி முப்பத்திரெண்டு. உங்க இருதயம் சரியில்ல அண்ணே. அந்த லாரியில நீங்களும் ஏறிக்குங்க."

"என்ன டாக்டர் விளையாடுறீங்க? முக்கா மணி நேரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். பின்ன அடிக்காம என்ன செய்யும்?"

சொல்லி முடித்ததும் அவர் பார்வை தானாக ரத்தக் குழாயின்மேல் போனது.

குழாயில் ஒட்டிய சீட்டில் இரண்டு கட்டங்கள். ரத்தம் எடுத்த நேரத்தை எழுதியிருந்தார். ஆமையைப் பிடித்த நேரத்துக்கான கட்டம் காலி. நோயாளி எத்தனை மணிக்கு வந்தார் என்று அவருடைய லேபில் யாரும் குழாயில் எழுதியதில்லை. இதையும் வெட்டி வேலை என்று விட்டிருந்தார்.

இப்போது எழுதினார். எட்டு பத்து. பக்கத்துக் கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது எட்டு ஐம்பத்தைந்து.

ஜெசிந்தா ஆமையின் கண்ணைப் பார்த்தார். குழி விழவில்லை. கழுத்தில் சதை இருந்தது. துடுப்பை இழுத்தார், அது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

"இறக்குங்க" என்றார் படகுக்காரர்களிடம்.

ஆமை நீருக்குள் போயிற்று. ஒன்றும் தெரியவில்லை. பரஞ்சோதி படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். தூரத்தில் அது தலையைத் தூக்கி மூச்சு விட்ட பிறகுதான் இவருக்கும் மூச்சு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

"அப்ப அந்த ரத்தத்துல தெரிஞ்சது என்ன சீக்கு டாக்டர்?"

ஜெசிந்தா குழாயை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"நாமதான் அண்ணே."