நான்காம் மூலைக்கு வந்தவள்

புளியடிக்குறிச்சியில் விடியுமுன் கேட்கும் முதல் சத்தம் முப்பிடாதி அம்மையாரின் வாரியல் சத்தம். ஊர்த் தெருக்களையெல்லாம் கூட்டி, சாக்கடையையும் வாரிவிட்டு, கடைசியாகச் செல்வியம்மன் கோயில் வாசலுக்கு வருவார். நீளக் கம்பில் கட்டிய வாரியலைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பில் செருகிய கோலாட்டக் கோல்களை எடுத்து, அம்மனுக்கு எதிரே தட்டிக்கொண்டு சிறிது ஆடுவார். அதுதான் அவருடைய பூசை. உள்ளே போய்க் கும்பிட அவர் சனத்தை அந்த ஊர் விட்டதில்லை. வாசலைக் கூட்ட ஆள் வேண்டும், கும்பிட வேண்டாம். அப்படிப்பட்ட பக்தி அது.

ஒன்று மட்டும் அவர்களுக்கு இருந்தது. கொடைத் திருவிழா நாளில் அம்மன் ஊர்வலமாக வாசலைத் தாண்டுமுன், அந்தச் சனத்துப் பெண்கள் நால்வர் சதுரத்தின் நான்கு மூலைகளில் நின்று கோலாட்டம் ஆடுவார்கள். மூலைக்கு மூலை மாறுவார்கள்; எதிர்ப்படுகிறவர் கோலைத் தட்டிவிட்டே கடப்பார்கள். அந்த நேரம் அம்மனுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒருவரும் நிற்கக்கூடாது.

ஆடுகிறவர் இறந்துபோனால் அவருடைய கோலை அவர் மூலையில் நட்டுவைப்பார்கள். கடக்கிறவர் அதையும் தட்டிப் போவார். இறந்தவரும் ஆடியதாகக் கணக்கு.

அம்மையாரோடு ஆடியவர்களில் முதலில் பக்கத்து வீட்டு இசக்கி இறந்துபோனார். பிறகு, நூல் மில்லுக்கு வேலைக்குப் போன அம்மையாரின் மகள் செண்பகம் பெட்டியில் வந்தாள். காய்ச்சல் என்றார்கள். அதற்கு மேல் கேட்க வேண்டிய யாரும் கேட்கவில்லை. அம்மையார் மறுநாளும் தெருவைக் கூட்டினார். வாசலில் வந்து கோலும் தட்டினார். மகளைத் தின்ற சாமிக்கு ஆட்டம் ஒரு கேடா என்று சொந்தத் தெருவே ஏசியது.

நான்காவது ஆள் அவருடைய நாத்தனார் பட்டுக்கனி, மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். தெருவில் படித்த பெண்கள் இருந்தார்கள். ஆடினால் நாம் இன்னார் என்று நாமே தம்பட்டம் அடித்ததாகும் என்று விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. வெட்கப்பட வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கொடையில் நாலு மூலையும் நிரம்பாவிட்டால் ஆட்டம் இனிக் கிடையாது, வாசலில் பாட்டுக் கச்சேரிக்கு மேடை போடுவோம் என்று விழாக்குழுத் தலைவர் கொம்பையா சொல்லிவிட்டார். மேடை வந்தால் அந்த வாசலும் போயிற்று. பட்டுக்கனி வருவதாகச் சொல்லியிருந்தார். கொடையன்று காலையில், கம்பெனியில் லீவு தரவில்லை என்று போனில் அழுதார்.

அவள் கோலையும் நட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார்கள் தெருக்காரர்கள்.

“உசுரோட இருக்கவளுக்கு எப்படி நடுவேன்? அவ சாகணும்னு நான் சொன்னதால்ல ஆயிரும்” என்றார் அம்மையார்.

வெயில் சாய்ந்தது. மேளம் நின்றது. இரண்டு மூலையில் கோல்கள், ஒன்றில் அம்மையார், ஒன்று வெறும் தரை. கொம்பையா சுவரோரம் இருந்த வாரியலை எடுத்துவந்து, வெற்று மூலையில் தலைகீழாக ஊன்றினார்.

“இந்தா, நாலாவது ஆளு வந்தாச்சு. உனக்கு ஏத்த சோடி. ஆடு.”

கூட்டம் சிரித்தது. அம்மையார் வாரியலைப் பார்த்தார்.

“நல்லதுதான். இது யாரு சாவையும் சொல்லாது. அம்மை வாசலைத் தினமும் தொட்டது” என்று சொல்லி, அதைக் கும்பிட்டுவிட்டு ஆடத் தொடங்கினார். மகளின் கோலைத் தட்டும்போது மட்டும் கை தயங்கியது. வாரியல் கம்பைத் தட்டியபோது, எதிரே ஒருவர் திருப்பித் தட்டியதுபோல், கோலோடு கோல் மோதும் சத்தம் கணீரென்று வந்தது. சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள்.

மறுநாள் விடியலில் கூட்ட வந்தவர் வாரியலைத் தேடினார், காணவில்லை. குனிந்து கையாலேயே குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். நடையைத் திறந்த பூசாரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பூட்டிய கருவறைக்குள் அம்மன் சூலத்தைக் கீழே வைத்துவிட்டு, வாரியலைக் கையில் பிடித்து நின்றாள். கல் பாதத்தில் வாசலின் செம்மண் ஒட்டியிருந்தது.

ஊர் திரண்டது. உள்ளே வாங்க தாயி என்று கொம்பையாவே அழைத்தார். அம்மையார் படியேறவில்லை. வாசலில் நின்றபடியே அம்மனைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

“நீ வந்தியே, எம் மவளையும் ஒரு எட்டு கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?”

அம்மன் முகத்திலிருந்து நீர் வழிந்ததைப் பூசாரி பார்த்தார். அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அது உன் கையிலேயே இருக்கட்டும், நான் வேற கட்டிக்கிடுதேன்” என்று சொல்லி, பாதியில் விட்ட வாசலை அள்ளி முடித்தார்.

அதன்பின் மேடைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அடுத்த கொடைக்குப் பட்டுக்கனி வந்தார்; விலகியிருந்த படித்த பெண்களும் கோல் எடுத்தார்கள். இன்று ஒரு மூலையில் நட்டிருப்பது முப்பிடாதி அம்மையாரின் கோல். உள்ளே விடாத ஊரில், தெய்வத்தையே வெளியே வரவழைத்தவர் அவர். அந்தக் கோலைத் தட்டிக் கடக்கும் கைகள் வாழ்க.