தேருக்குக் குனிந்த உலகனார்

கொன்றைக்குறிச்சியில் எழுந்தருளியிருக்கும் கொன்றையடி நாதருக்குப் பூத்தொடுக்கப் பலர் உண்டு, விளக்கேற்றப் பலர் உண்டு. ஓடுகிற தேரைத் திருப்பவும் நிறுத்தவும் அதன் சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போட உலகனார் ஒருவர்தாம் இருந்தார். ஒரு கணம் பிந்தினால் கை போகும், இன்னொரு கணம் பிந்தினால் உயிரே போகும். அவரோ அதைப் பூசையாகவே செய்தார். விடியலில் கட்டைகளைக் கழுவித் திருநீறு பூசி, நாதர் சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுவார்.

ஒரு பங்குனியில் மேலவீதி முனையில் தேர் சற்றே ஒதுங்கி, மணியக்காரர் சேனாபதியின் வீட்டு முகப்பை இடித்துவிட்டது. மனிதருக்குக் கோபம் தலைக்கேறியது. குனிந்திருந்த உலகனாரின் இடுப்பில், இரும்புப்பூண் கட்டிய தடியால் ஓங்கி ஓங்கி அடித்தார்.

"எம் வீட்டையே இடிக்கிறியாடா, நாயே!"

ஆறாவது அடியில் தடி முறிந்தது. வடம் பிடித்த அத்தனை கைகளில் ஒன்றாவது தடுக்க நீண்டதா? இல்லை. ஊரின் வீரம் அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் புண் ஆறியது. "எலும்பு கூடிருச்சு. இனிமே பயப்படாம நடங்க, குனிங்க" என்றார் வைத்தியர். ஆனால் வலி போகவில்லை. குனிந்தால் முறிந்துவிடும் என்ற அச்சம் உலகனாரைப் பிடித்துக்கொண்டது. ஏழு முழத் துணியை இடுப்பில் இறுகச் சுற்றி, விறைத்துக்கொண்டு நடந்தார். தெருவே சிரித்தது. விழுந்து வணங்க முடியாமல், சந்நிதியில் நின்றபடி அழுதார். அன்பில் குறைவில்லை, இடுப்புதான் இணங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாலைதோறும் அவர் அரிவாளைத் தீட்டினார். தீட்டத் தீட்ட, மனத்துக்குள் சேனாபதியின் கழுத்தை வெட்டினார். ஒருநாள் ஒரே வீச்சில், மறுநாள் இரத்தம் தெறிக்கத் துண்டுதுண்டாக. பற்கள் நறநறக்கும், இடுப்பு கல்லாக இறுகும், வலி உயிரை வாங்கும்.

மனைவி வெள்ளையம்மை ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "அவன் அடிச்சது ஒரு நாளு. நீங்க தெனமும்ல அடி வாங்குறீங்க? அருவாள எடுத்தாத்தான் இடுப்பு புடிக்குது, அது தெரியலையா உங்களுக்கு?"

உலகனார் சினந்து எழுந்து போனார். அந்தச் சொல்லும் கூடவே போனது.

அடுத்த பங்குனி வந்தது. பணியை விட மனமில்லை, குனியவோ பயம். கட்டைக்கு நீண்ட மூங்கில் காம்பு ஒன்றைப் பொருத்தினார். சக்கரத்தின் முன் மூங்கில் நிற்காது என்பது அவருக்குத் தெரியாததா? அச்சம் அதை மறக்கடித்தது.

மேலவீதி இறக்கத்தில் தேர் வேகம் பிடித்தது. முன்னே நின்று அதட்டிக்கொண்டிருந்த சேனாபதியின் கால் வடத்தில் சிக்க, குப்புற விழுந்தார். உலகனார் காம்பை நீட்டினார். மூங்கில் மடாரென்று பிளந்து, கட்டை தெறித்து ஓடியது. மிஞ்சியது ஒரே கட்டை, காம்பில்லாதது. ஓராண்டாக மனத்தில் வெட்டிய கழுத்து அதோ சக்கரத்தின் எதிரே கிடந்தது. அவர் சும்மா நின்றாலே போதும்.

"உலகா!" என்று அலறினார் சேனாபதி.

"நாதா, ஒன் சக்கரத்துல இந்த ரத்தம் வேண்டாம்!"

கதறிக்கொண்டே உலகனார் பாய்ந்தார். இடுப்புத் துணி அவிழ்ந்து பறந்தது. முழுதாகக் குனிந்து, கட்டையைச் சக்கரத்தின் வாயில் திணித்தார். இரண்டு விரல்கள் நொறுங்கின. இரத்தம் பீறிட, தேர் குலுங்கி நின்றது. சேனாபதியின் தலைக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி.

"அடிச்சவனையா காப்பாத்துன?" என்று கேட்டு அந்த மனிதர் தேம்பினார்.

குனிந்தபடியே இருக்கிறோம் என்பது அப்போதுதான் உலகனாருக்கு உறைத்தது. அப்படியே மண்ணில் விழுந்து வணங்கினார்.

அந்நேரம் தேர்மேலிருந்த குருக்கள் கூவினார்: "எல்லாரும் சுவாமியைப் பாருங்கோ!"

நாதரின் இடையில், பட்டுக்கு மேலே, வியர்வைக் கறை படிந்த ஏழு முழத் துணி இறுகச் சுற்றியிருந்தது. ஊர் முழுவதும் தெருவில் விழுந்தது.

அதன்பிறகும் சில நாள் வலி எட்டிப்பார்த்தது என்பார்கள். உலகனார் அரிவாளைத் தேடவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு தேரடிக்குப் போனார், வலியும் மெல்ல விலகியது. எட்டு விரலால் ஈசன் தேரை நிறுத்தி வந்த அந்த எளியவரின் குனிந்த முதுகுக்கு நம் வணக்கம்.