வாழையோடு வந்த ராஜா

வெண்குன்ற நாட்டை முன்னொரு காலத்தில் குமாரதீரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பொல்லாதவன் இல்லை, நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் செய்துவிடுகிறவன், அவ்வளவுதான். ஆஸ்தான அலங்காரக்காரர் கீர்த்திவாசர் பேச்சைக் கேட்டுப் புதிதாக ஒரு சபா மண்டபம் கட்டினான். தரை, சுவர், கூரை எல்லாம் வழவழப்பான பளிங்கு. அழுக்குக் கால் படக்கூடாதென்று குடிமக்களுக்கு அனுமதி இல்லை.

மண்டபத்தில் ஒருவர் தும்மினால் ஊரே தும்மியதுபோல் இருந்தது. பேச்சு சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த பேச்சின்மேல் ஏறி உட்கார்ந்தது. கேட்கவில்லையே என்று எல்லாரும் கத்தினார்கள். கத்தக் கத்த இன்னும் கேட்கவில்லை.

"மகாராஜாவின் சிம்மக் குரலுக்குச் சுவரே பதில் சொல்கிறது!" என்றார் கீர்த்திவாசர். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தச் சமயம் பக்கத்து நாட்டுத் தூதர் வந்து, "எங்கள் அரசர் நாளை வாழையோடு வருகிறார்" என்றார்.

மண்டபம் அதை உருட்டிப் புரட்டி, "வாளோடு வருகிறார்... வருகிறார்" என்றது.

ராஜா துள்ளி எழுந்தான். "கூப்பிடு சேனாதிபதியை!"

மந்திரி அறவாழி மட்டும் தூதரின் வாயருகே காதை வைத்துக் கேட்டார். வாழைத்தாராம், இளவரசியைப் பெண் கேட்டு வருகிறார்களாம். ராஜாவின் காதில் அதைச் சொன்னார். "ஒரு சம்பந்தம் சண்டையாகப் பார்த்தது, பிரபு. மண்டபத்தைச் சரிசெய்ய வேண்டும்."

"என் பளிங்கில் உளி படக்கூடாது! சுவரில் ஒரு துணிகூடத் தொங்கக்கூடாது!" என்று கீர்த்திவாசர் குதித்தார்.

"அப்படியே ஆகட்டும். மந்திரியாரே, நாளைக்குள் சரிசெய்யும். இல்லாவிட்டால் மந்திரி பதவி கீர்த்திவாசருக்கு" என்று சொல்லிவிட்டு ராஜா சாப்பிடப் போய்விட்டான்.

 அறவாழி திரைச்சீலை தொங்கவிடலாம் என்று நினைத்திருந்தார், அதற்கும் வழியில்லை. யோசித்தபடி சந்தைக்குள் நடந்தார். கம்பளி விற்க வந்த இடையர்களின் கூடாரத்துக்குள் நுழைந்து, "யாரம்மா உள்ளே?" என்று குரல் கொடுத்தார். குரல் சுற்றிலும் குவிந்திருந்த கம்பளிக்குள் போய் அடங்கிவிட்டது. இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அதுவும் திரும்பி வரவில்லை. மந்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மண்டபம் நிறைய இடையர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொளுத்துகிற வெயிலில் ஆளுக்கொரு முரட்டுக் கம்பளி போர்த்தியிருந்தார்கள்.

"என்னய்யா இது அக்கிரமம்?" என்று கீர்த்திவாசர் அலறினார். அந்த அலறல்கூட எதிரொலிக்கவில்லை.

"சுவரில் ஒன்றும் தொங்கவில்லையே" என்றார் அறவாழி. பிறகு ராஜாவிடம், "மகாராஜா, இனிக் கத்த வேண்டாம். மெதுவாக, ஒவ்வொருவராகப் பேசினால் போதும்."

ராஜா தயங்கித் தயங்கி, "வாருங்கள்" என்றான். அது வாசல்வரை தெளிவாகப் போனது. பக்கத்து நாட்டு அரசர் வாழைத்தாரோடு வந்து பெண் கேட்டார். பேச்சு சுமுகமாக முடிந்தது.

கீர்த்திவாசருக்கு ஒரு பழக்கம். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று சிம்மாசனத்தின் பின்னால் நின்று வாய்க்குள் முணுமுணுப்பார். அன்றும் முணுமுணுத்தார்.

ராஜா திரும்பினான். "என்ன சொன்னீர்?"

"ம-மகாராஜா வாழ்க என்றேன், பிரபு."

கடைசி வரிசையிலிருந்து ஓர் இடைச்சி எழுந்தாள். "இல்லீங்க சாமி. 'இவனுக்கு மீசை இருக்கிற அளவுக்கு மூளை இல்லை'ன்னாரு. இங்கவரைக்கும் நல்லாக் கேட்டுச்சு."

எல்லாரும் ராஜாவின் மீசையைப் பார்த்தார்கள். பிறகு ராஜாவே விழுந்து விழுந்து சிரித்தான்.

"அறவாழிக்கு என் முத்துமாலை. இந்த ஜனங்களுக்கு இனி எப்போதும் இங்கே இடம் உண்டு. கீர்த்திவாசரே, நீரும் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுவில் போய் உட்காரும். மழைக்காலம் வரும்வரை கழற்றக்கூடாது!"

கீர்த்திவாசர் அங்கேயே வியர்க்கத் தொடங்கினார்.

ராஜா மீசையைத் தடவிக்கொண்டே மந்திரியிடம் கேட்டான்: "அது போகட்டும், அவர் சொன்னது நிஜமா?"

அறவாழி கடைசி வரிசைவரை ஒரு பார்வை பார்த்தார். "தோட்டத்துப் பக்கம் வாருங்கள், பிரபு. இங்கே சொன்னால் எல்லாருக்கும் கேட்கும்."