பேசும் முன்பே அச்சான கடைசிச் சொல்

பெரியவர்களே, பிள்ளைகளே, கேளுங்கள். அமெரிக்கா என்ற பெயரே அந்த மண்ணில் சரியாக ஒட்டாத காலம். கடலோரத்தில் நாலு மரவீடும் ஒரு தேவாலயமும் ஒரு தூக்குமரமும் இருந்தால் அதுவே நகரம். அப்படியொரு நகரத்தில் ஜேபஸ் என்றொரு திருடன் இருந்தான்.

அவன் கை பட்டால் பூட்டு தானாக வாய் திறக்கும். ரொட்டிக்காரர் வீட்டில் புகுந்தான், தப்பினான். கப்பல்காரர் வீட்டில் புகுந்தான், தப்பினான். மூன்றாவதாக நீதிபதி வீட்டிலேயே புகுந்து வெள்ளிக் கோப்பையை எடுத்தான், அகப்பட்டுக்கொண்டான். தூக்கு என்று தீர்ப்பாயிற்று. கதவைத் திறந்துவிட்டிருப்பாள் என்று அந்த வீட்டு வேலைக்காரி டார்கஸையும் சந்தேகத்தில் சிறைவைத்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சாகப்போகிறவனின் கடைசிச் சொல்லை அச்சடித்துத் தூக்குமரத்தடியில் விற்பார்கள். கூட்டம் கலைந்தால் தாளை யார் வாங்குவார்கள்? அதனால் அவன் பேசும் முன்பே அச்சுக்காரர் தாமே எழுதி அடித்துவிடுவார். பெண் ஒருத்தி இருந்தால் கதை சூடுபிடிக்கும் என்று, "டார்கஸ்தான் கதவு திறந்தாள்" என்றும் சேர்த்துவிட்டார். சாகிறவன் சொல்லை அப்படியே நம்புகிற ஊர் அது. அவள் கழுத்துக்கும் கயிறு விழ அந்த ஒரு வரி போதும்.

ஜேபஸுக்கு எழுத்து தெரியாது. கயிறு கழுத்தில் ஏறியபின் போதகர் தாளை உரக்க வாசித்தபோதுதான் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

"இது என் சொல் இல்லை ஐயா. நான் இன்னும் வாயே திறக்கவில்லை" என்றான்.

அச்சில் வந்தது பொய்யாகுமா என்று நீதிபதி சிரித்தார்.

ஜேபஸ் சட்டையில் குத்தியிருந்த ஊசியை உருவினான். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாம் மூச்சில் கைவிலங்கு கழன்று பலகையில் விழுந்தது. கயிற்றையும் கழற்றினான். காவலர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். எதிரே துறைமுகம், பாய் விரித்த கப்பல். குதித்து ஓடினால் பிழைத்துக்கொள்வான்.

அவனோ கயிற்றைத் தானே திரும்ப மாட்டிக்கொண்டான்.

"எனக்குக் கதவு திறக்க ஆள் வேண்டியதில்லை ஐயா. சிறையிலிருந்தும் என்றைக்கோ போயிருப்பேன். போனால் அந்தப் பெண்ணைத் தூக்கில் போடுவீர்களே என்றுதான் உட்கார்ந்திருந்தேன். திருடினது நான் ஒருவன்தான்."

நீதிபதி எழுந்து தம் தொப்பியைக் கழற்றினார். சட்டம் ஜேபஸை விடவில்லை. ஆனால் அவன் கண் மூடும் முன்பே டார்கஸைச் சிறையிலிருந்து கொண்டுவந்து, விலங்கைக் கழற்றி அவன் எதிரில் நிறுத்தினார்கள். அவள் அழுதாள். கூடியிருந்த ஜனங்கள் கையிலிருந்த தாளைக் கிழித்துப்போட்டு, ஒரு திருடனுக்காக மண்டியிட்டார்கள்.

தன் பழியைத் தானே சுமந்து, பிறர்மேல் விழுந்த பழியை நீக்குகிறவன், திருடனே ஆனாலும், பெரியவன்.