அண்ணாச்சியின் லேப்டாப் இரைக்கிறது

"அம்மா, இந்தச் சத்தத்துல என்னால கண்ணை மூடி உக்கார முடியல" என்றார் ஆவுடையப்பன்.

பக்கத்தில் இருந்த லேப்டாப்பைக் காட்டித்தான் சொன்னார். அதன் விசிறி உள்ளே பேய்பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் அம்மா என்று கூப்பிட்டது செண்பகம் அம்மாவை. பொதிகை மலையடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. ஆவுடையப்பனைவிட வயதில் ரொம்ப இளையவர். அதனால் சீடரை அவர் அண்ணாச்சி என்பார். சீடர் குருவை அம்மா என்பார். உறவுமுறை பார்க்கிறவர்கள் கேட்டால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா மாலை வேளைகளில் பேசுவதை லேப்டாப்பில் தட்டி வைப்பது அண்ணாச்சியின் பொறுப்பு. மீதி நேரத்தில் தியானத்துக்கு உட்காருவார். அப்போதும் லேப்டாப் பக்கத்திலேயே திறந்து கிடக்கும். அணைத்துவிட்டு உட்கார்ந்தால் தொல்லை விட்டது. அது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

செண்பகம் அம்மா குனிந்து லேப்டாப்பில் காதை வைத்தார்.

"இது சத்தம் போடல அண்ணாச்சி. இரைக்குது."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா?"

"சத்தம் போடுதவனை அதட்டலாம். இரைக்குதவன்ட்ட, எங்க ஓடிட்டு வாரன்னுல்லா கேக்கணும்."

அவ்வளவுதான். எழுந்து பூப்பறிக்கப் போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்கு அது புரியவில்லை. அம்பாசமுத்திரத்துக்கு பஸ் ஏறினார். ரிப்பேர் கடையில் அடிமூடியைக் கழற்றினால், விசிறியைச் சுற்றி மெத்தை மாதிரி தூசி. ஊதித் துடைத்து, சூடு தணிய உள்ளே தடவியிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவிக் கொடுத்தார்கள்.

மடத்துக்கு வந்து திறந்து வைத்தார். கொஞ்ச நேரம் பூனை மாதிரி இருந்தது. பிறகு ஆரம்பித்துவிட்டது.

"தூசி எல்லாம் எடுத்தாச்சும்மா. பிறகும் கேக்குது."

"தூசியா ஓடிட்டு வந்துச்சு?"

மறுபடியும் பஸ் ஏறினார். விசிறியையே மாற்றிக்கொண்டு வந்தார். புது விசிறி பழையதைவிடத் தெம்பாக இரைந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் வேடிக்கை. எங்கெங்கோ தேடிப் படித்து, விசிறியின் வேகத்தை ஒரேயடியாகக் குறைக்கிற வழியைக் கண்டுபிடித்துவிட்டார். லேப்டாப் கப்சிப். கூடத்தில் அணில் கத்துவதுகூடக் கேட்டது. ஆவுடையப்பன் முகமெல்லாம் சிரிப்பாகக் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

யாரோ அவர் கையைப் பிடித்தார்கள். செண்பகம் அம்மா. அந்தக் கையைக் கொண்டுபோய் லேப்டாப்பின் அடியில் வைத்தார்.

"ஐயோ!" கையை உதறினார் ஆவுடையப்பன். "தோசைக்கல்லா கொதிக்குதே!"

"இரைக்குத பிள்ளை வாயைப் பொத்திட்டு, பிள்ளை அமைதியாயிட்டுன்னு உக்காந்திருக்கீங்களே அண்ணாச்சி."

அவர் அவசர அவசரமாகப் பழையபடி மாற்றினார். விசிறி சீறிக்கொண்டு கிளம்பியது.

அம்மா எதிரில் உட்கார்ந்தார்.

"உள்ள என்னவோ ஓயாம ஓடுது. தொறந்திருக்கதை எல்லாம் ஒண்ணொண்ணா மூடுங்க."

எழுதிக்கொண்டிருந்ததை மூடினார். செய்தித்தாளை மூடினார். என்றைக்கோ திறந்த தேவாரப் பக்கத்தை மூடினார்.

"ஆச்சும்மா. எல்லாம் மூடியாச்சு."

விசிறி இரைந்துகொண்டே இருந்தது.

ஆவுடையப்பன் குனிந்து தன் வேட்டிக் கரையை நீவிவிட்டுக்கொண்டார்.

"ஒண்ணு இருக்கு" என்றார்.

"அதையும் மூடுங்க."

"அது இருக்கட்டுமே அம்மா."

அவர் குரல் அப்படிக் கெஞ்சி அம்மா கேட்டதில்லை. லேப்டாப்பை அம்மா மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.

இணையத்தில் முகம் பார்த்துப் பேசுகிற அறை அது. கேமரா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கறுத்த திரையின் ஒரு மூலையில் காலிச் சுவரும் அம்மாவின் பாதி நெற்றியும் தெரிந்தன. கீழே, 'உங்களைத் தவிர இங்கே யாரும் இல்லை' என்று எழுதியிருந்தது.

"யாருக்கு அண்ணாச்சி?"

"மகளுக்கு. வடிவு. மஸ்கட்ல இருக்கா."

மனைவி தவறிய பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவரால் ஒண்டியாக இருக்க முடியவில்லை. வீட்டை விற்றார். கைபேசியை வேண்டாம் என்று விட்டார். மடத்துக்கு வந்து சேர்ந்தார். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டை வாங்கினவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. மடத்து நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"எனக்கு ஊருன்னு ஒண்ணு இல்லாம ஆக்கிட்டீங்களேப்பா" என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் ஆவுடையப்பன் அந்த அறையைத் திறந்து வைத்துவிடுவார். படுக்கப் போகிறவரை மூடமாட்டார். சாப்பிடும்போது திரையைப் பார்க்கிற மாதிரி இலை போட்டுக்கொள்வார். தியானத்தில் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்துக்கொள்வார். அவ்வளவு ஆசை, அந்தக் கறுத்த திரையில் அவள் முகம் வந்துவிடாதா என்று.

"எப்ப வந்தாலும் வரட்டும்னு தொறந்து வச்சிருக்கேன்" என்றார். "அவ உள்ள வரும்போது நான் இருக்கணும்லா."

"இருக்கணும்" என்றார் அம்மா. "இந்த அறைக்கு வழி அவளுக்குத் தெரியுமா?"

ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அறைக்குன்னு ஒரு முகவரி இருக்கும்லா. அனுப்பினீங்களா?"

"இல்ல."

"இப்படி ஒரு அறை இருக்குன்னாவது தெரியுமா அவளுக்கு?"

"பெத்த மக அம்மா அவ!" அண்ணாச்சிக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "அப்பன் எங்க இருக்கான்னு தேடி வரமாட்டாளா? நான் என்ன, வெத்தலை பாக்கு வச்சா கூப்பிடணும்?"

கோபமாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது உதடு கோணிவிட்டது.

செண்பகம் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெத்தலை பாக்கெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. சின்னதுல தெருவுல விளையாடிட்டுக் கெடப்பாள்லா, அப்ப எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அப்பவா? அது... வாசல்ல நின்னு கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

ஆவுடையப்பன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்து மூடினார். பிறகு எங்கே கிடந்ததோ அந்தக் குரல், அப்படியே எழுந்து வந்தது.

"ஏட்டி வடிவூ... சோறு ஆறுது, வாட்டீ!"

கூடத்தில் கண்மூடி இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. எவ்வளவு பெரிய மனுஷன், குழந்தை மாதிரி அழுதார். அம்மா அவரைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை இருந்தார். பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அதையே எழுதுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். 'ஏட்டி வடிவு, சோறு ஆறுது, வா.' அதன் கீழே அறையின் முகவரியை ஒட்டினார். மேலே மகளுடைய மின்னஞ்சலைப் போட்டார். அது அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

அனுப்பப் போன விரல் பாதியில் நின்றுவிட்டது.

"அம்மா."

"சொல்லுங்க."

"வரலன்னா?"

"இன்னொரு சத்தம் குடுங்க" என்றார் செண்பகம் அம்மா. "ஒரு சத்தத்துல எந்தப் பிள்ளை அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருக்கு?"