மடுவுக்கு ஒரு காவலர்

மூங்கில் காட்டில் அந்தக் கோடையில் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் மிஞ்சியிருந்தது. மான்கள் குடிக்க வரும் நேரத்தில் பன்றிகள் இறங்கிப் புரளும். தண்ணீர் சேறாகிவிடும். சேற்றுத் தண்ணீரைக் குடித்து ஒரு மான்குட்டி செத்தே போனது.

அதன் பிறகுதான் மடுவுக்கு ஒரு காவலர் வேண்டும் என்று எல்லோரும் கூடினார்கள். காட்டெருமை திம்மன், பன்றி மூக்கன், ஆமை வட்டன் என மூவர் போட்டியிட்டார்கள். ஓட்டுகளை எண்ணுபவராக மரங்கொத்தியை வைத்தார்கள்.

"ஒருவர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். மூவரையும் உங்களுக்குப் பிடித்த வரிசையில் சொல்லுங்கள்" என்றது மரங்கொத்தி. "முதல் விருப்பம் யாருக்கு மிகக் குறைவோ, அவர் விலக வேண்டும். அவரை முதலில் சொன்னவர்களின் ஓட்டு, அவர்கள் இரண்டாவதாகச் சொன்னவருக்குப் போகும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார்கள் எல்லோரும்.

நான்கு மான்கள் திம்மனை முதலில் சொல்லின. மூன்று பன்றிகள் மூக்கனைச் சொல்லின. இரண்டு தவளைகள் வட்டனைச் சொல்லின. மான்களும் சரி, பன்றிகளும் சரி, இரண்டாவதாகச் சொன்னது வட்டனைத்தான்.

ஆனால் முதல் விருப்பம் அவனுக்குத்தானே குறைவு? வட்டன் விலகினான். தவளைகள் இரண்டாவதாகச் சொன்னது திம்மனை. அந்த இரண்டும் சேர்ந்து திம்மனுக்கு ஆறு ஓட்டு. திம்மன் ஜெயித்தான்.

மூக்கன் உறுமினான். "இது என்ன நியாயம்? நான் ஜெயிக்க வேண்டாம், போகட்டும். திம்மனும் வட்டனும் மட்டும் நின்றிருந்தால், எங்கள் மூன்றும் தவளைகளின் இரண்டும் வட்டனுக்குத்தானே விழுந்திருக்கும்? ஐந்துக்கு நான்கு! எல்லோருக்கும் ஏற்றவனை முதலிலேயே வெளியே தள்ளிவிட்டீர்களே!"

மரங்கொத்தி தலையைக் குனிந்துகொண்டது. மூக்கன் சொன்னது உண்மை.

"அப்படியானால் இரண்டாம் இடத்துக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்க்கலாமே" என்றது ஒரு தவளை.

ஒரு மான் தயங்கித் தயங்கிச் சொன்னது: "அது தெரிந்திருந்தால் நாங்கள் வட்டனைக் கடைசியில் போட்டிருப்போம். அப்போதுதானே வட்டனால் திம்மனை முந்த முடியாது?"

பன்றிகள் பொறுமை இழந்தன. "ஏமாற்றுத் தேர்தல்! இனி எங்களுக்குக் காவலரே கிடையாது" என்று மடுவை நோக்கிக் கிளம்பின.

வட்டன் நகர்ந்து வந்து அவற்றின் வழியில் நின்றான். தோற்றது அவனுக்கு வலிக்கத்தான் செய்தது.

"மூக்கா, எனக்காகப் பேசினாய். அதை மறக்க மாட்டேன்" என்றான். "ஆனால் எண்ணுவதற்கு முன்னால் நானும்தான் சம்மதம் சொன்னேன். முடிவைப் பார்த்துவிட்டு முறையை மாற்றினால், நாளைக்குத் தோற்கிறவன் இன்னொரு முறை கேட்பான். தண்ணீர் அதுவரை காத்திருக்குமா? அடுத்த கோடைக்கு வேறு முறை வேண்டுமென்றால் முன்கூட்டியே பேசி வைப்போம். இப்போது திம்மன்தான் காவலர்."

மூக்கனின் கால்கள் நின்றன.

திம்மன் தன் பெரிய தலையை ஆமையின் முன்னால் தாழ்த்தினான். "வட்டா, உன் நண்பர்களின் ஓட்டில்தான் நான் ஜெயித்தேன். நாம் இருவர் மட்டும் நின்றிருந்தால் தோற்றிருப்பேன். இவர்கள் எல்லோரும் நம்பியது உன்னை. யார் எப்போது குடிப்பது என்று நீயே சொல். அதை நடத்திக் காட்டுவது என் பொறுப்பு."

வட்டன் யோசித்துச் சொன்னான். காலையில் மான்கள் குடிக்கட்டும். பன்றிகள் கீழ்க்கரையில் தனியாக ஒரு குழி பறித்துக்கொள்ளட்டும். வெயில் ஏறியதும் மடுவிலிருந்து கொஞ்சம் தண்ணீரை அங்கே திருப்பிவிடலாம்.

திம்மன் தானே கொம்பால் மண்ணைக் கிளறிக் கொடுத்தான். பன்றிகள் மூக்கால் குழி பறித்தன.

அந்தக் கோடையில் அதன் பிறகு ஒரு குட்டிகூடச் சாகவில்லை. மழை வந்து காடு நனைந்த அன்று, மூக்கன் ஈரக் கிழங்கு ஒன்றைக் கவ்வி வந்து திம்மன் முன் வைத்தான்.

"உனக்கு நான் ஓட்டுப் போடவில்லை" என்றான். "ஆனாலும் எங்களுக்கும் சேர்த்துத்தான் காவல் காத்தாய். நன்றி."

குறையே இல்லாத தேர்தல் முறை எங்கும் இல்லை. தோற்றவரின் பெருந்தன்மையும் வென்றவரின் நன்றியுணர்வும்தான் அந்தக் குறையை நிரப்பும்.