சேந்தி பாடாமல் விட்ட வரி

அந்தக் காலத்தில் கழுதையும் பேசும், குன்றும் பேசும். கடலை ஒட்டிய குன்றின் விளிம்பில் ஓர் ஒற்றையடிப் பாதை, நடுவில் ஒரு முடக்கு. எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. எல்லோரும் குன்றைக் கேட்டுவிட்டுத்தான் முடக்கில் திரும்புவார்கள். "ஆட்டுக்காரன் வருகிறான், நில்" என்று அது சொல்லும். நல்ல குன்றுதான். பாட்டைக் கேட்டால் மட்டும் அதற்குத் தலைகால் புரியாது.

சேந்தி என்று ஒருத்தி அந்தப் பாதையில் நடந்துகொண்டேதான் பாட்டுக் கட்டுவாள். உட்கார்ந்தால் அவளுக்கு ஒன்றும் வராது. அன்று புதிதாய் ஒரு வரி வந்தது.

"வாடைக் காற்றே, எங்கே போகிறாய்?"

குன்று சொக்கிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து, முடக்குக்கு அப்பால் உப்பு மூட்டையோடு ஒரு கழுதை, பின்னால் அதன் குட்டி.

"யார் வருவது?" என்று கழுதை கேட்டது.

குன்று மயக்கத்திலேயே, "வாடைக் காற்றே, எங்கே போகிறாய்?" என்றது.

கழுதைக்குக் குழப்பம். 'காற்றுதான் வருகிறதா? காற்றுக்கு யாராவது வழி விடுவார்களா?' யோசித்துப் பார்த்துவிட்டு நடந்தது. சேந்திக்கும் குழப்பம்தான். 'என் வரியை எதற்கு எனக்கே சொல்கிறது? ஆள் வந்தால் சொல்லியிருக்குமே' என்று அடுத்த வரியைத் தேடிக்கொண்டே அவளும் நடந்தாள்.

முடக்கில் முட்டிக்கொண்டார்கள். குட்டி மிரண்டு கடல் பக்கம் சறுக்கியது. சேந்தி பாய்ந்து அதைப் பாறைப் பக்கம் தள்ளிவிட்டாள். தள்ளிய வேகத்தில் அவள் கால் நிற்கவில்லை. கீழே அலை மட்டும்தான் தெரிந்தது.

கழுதைக்கு அழக்கூடத் தெரியவில்லை. "ஏன் சொல்லவில்லை?" என்று குன்றைக் கேட்டது.

"ஏன் சொல்லவில்லை?" என்றது குன்று.

"உன்னைத்தான் கேட்கிறேன்."

"உன்னைத்தான் கேட்கிறேன்."

கேலியா, துக்கத்தில் சொந்தப் பேச்சே போய்விட்டதா? கழுதைக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. குன்றை இனி நம்ப முடியாது என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

அன்று தொடங்கியதுதான் இந்த வழக்கம்: முடக்குக்கு வருகிறவர்கள் சேந்தியின் வரியைப் பாடிவிட்டு நிற்பார்கள். அதே வரி திரும்பி வந்தால் குன்று, நடக்கலாம். எதிரே ஆள் இருந்தால், அவள் பாடாமல் விட்ட அடுத்த வரியைத் தன் வாய்க்கு வந்தபடி கட்டிப் பாடுவார்.